ஏழு யூரோ துவர்ப்பு

தக்கையை உருவும் திருகாணி எங்கள் வீட்டில் கிடையாது. கத்தி முனையால் நான் நோண்டியதில் பாதித் தக்கை பொடியாகக் கொட்டியது, மீதி போத்தலின் கழுத்திலேயே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை பொறுக்கமாட்டாமல் தறிப்பட்டறைக்குப் போய் நீளமான ஸ்க்ரூ ஒன்றையும் குறடையும் எடுத்துவந்தார். "நீங்க நவுருங்க மாமா" என்று ஸ்க்ரூவைத் தக்கைக்குள் முறுக்கி, போத்தலை முழங்கால் இடுக்கில் வைத்து ஒரே இழுப்பு. பொத்தென்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் அந்த வாசம்.

பழுத்து விழுந்து வெயிலில் கிடந்த பழம், நனைந்த கட்டை, அடியில் எங்கோ லேசாக மெழுகு. பெண் இரண்டு வருடமாகத் துலூஸில் வேலையில் இருக்கிறாள். அக்டோபர் தேர் நோம்பிக்கு வந்தவள் பெட்டியில் துணிக்கு நடுவே இரண்டு போத்தல் சுருட்டி வைத்திருந்தாள். "பெருசா ஒண்ணுமில்லீங்கப்பா, பக்கத்துக் கடையில ஏழு யூரோ" என்றாள். அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் என் மூக்கு அதற்குள் ஐம்பது வருடம் பின்னால் போய், ஜெபமாலை மாதா கோயில் பீடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

பூசை உடுப்புகள் வைக்கும் அறை அது. உயரமான மர பீரோ ஒன்று உண்டு. மேல்தட்டில் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கிகள், நடுத்தட்டில் சாம்பிராணியும் மெழுகுதிரிக் கட்டுகளும், அடித்தட்டில் பூட்டுப் போட்ட சின்ன அறை. சாவி கோயில்பிள்ளையின் அரைஞாணில். ஐந்தரை மணிப் பூசைக்கு நாங்கள் பையன்கள் ஐந்து மணிக்கே போய்விடுவோம். கோயில்பிள்ளை அந்தப் பூட்டைத் திறந்து போத்தலை எடுத்து, விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சமாகச் சாய்ப்பார். இன்னொரு குப்பியில் தண்ணீர். இரண்டையும் தட்டில் வைத்துத் துண்டு போட்டு மூடி என் கையில் கொடுப்பார். சாமியார் கிண்ணத்தை நீட்டும்போது முதலில் ரசக் குப்பி, அப்புறம் தண்ணீர்க் குப்பி. ரசம் அவ்வளவும், தண்ணீர் ஒரு சொட்டு. இந்தக் கணக்கில் கை நடுங்கக்கூடாது.

திராட்சை ரசம் என்றுதான் சொல்லுவோம். என்னோடு படித்த பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் ரொம்பநாள் யோசித்துவிட்டு ஒருநாள் கேட்டான்: "ஏன்டா, உங்க சாமியாருக்குத் தெனமும் வெறும் ரசந்தானா? சோறு போட மாட்டீங்களா?" அவன் நினைப்பில் மிளகும் புளியும் போட்ட ரசம். எனக்கும் அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது. ஒரு விடியற்காலை பூசை முடிந்து குப்பியைக் கழுவக் கொண்டுபோனபோது அடியில் நாலு சொட்டு மிச்சம் இருந்தது. சாய்த்து நாக்கில் விட்டேன். இனிப்பு. காய்ச்சலுக்கு ஊற்றும் டானிக்கை வெயிலில் வைத்து எடுத்த மாதிரி ஒரு காரமான இனிப்பு. திரும்பினால் வாசலில் கோயில்பிள்ளை. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அடுத்த வாரத்துல இருந்து நீ மணி அடி, கண்ணு. குப்பி வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் தண்டனை. ஆனால் மணியடிக்கிறவன் ஏன் மணியடிக்கிறான் என்று ஊருக்கே தெரியும்.

சின்ன வயதில் படிந்த இந்த இனிப்புதான் பின்னால் என்னை இருபது வருடம் ஏமாற்றியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

போத்தலின் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பெரிய எழுத்தில் கொர்பியேர். கீழே பொடி எழுத்தில் ஊர் விலாசம், அதில் 'ஓட்' என்று மாவட்டத்தின் பெயர். "பாப்பா, இது உங்க துலூஸுக்குப் பக்கமா?" என்றேன். "ரயில்ல போனா ஒரு மணி நேரங்கப்பா. நடுவால காஸ்தெல்நோதாரின்னு ஒரு ஊரு வரும், மொச்சையும் வாத்துக்கறியும் போட்டு ஒரு குழம்பு வெப்பாங்க..." அவள் குழம்பைச் சொல்லிக்கொண்டே போனாள். நான் எழுந்துவிட்டேன். காஸ்தெல்நோதாரி!

கருமத்தம்பட்டிப் பங்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையாது, ஆனால் அங்கிருந்து வந்த மனிதரைத் தெரியும். மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1813-இல் அந்த ஊரில் பிறந்தவர். பாரிஸ் வேத போதகச் சபைக் குருவாகப் புதுச்சேரிக்குக் கப்பலேறி வந்து, கோயமுத்தூர்ப் பகுதிக்குப் பொறுப்பேற்று, 1846 அக்டோபர் 4-ஆம் தேதி எங்கள் கருமத்தம்பட்டியில்தான் ஆயராகத் திருநிலை பெற்றார். இன்றைக்கு சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் லாரி உறுமுகிற நாலு ரோட்டையும் சோமனூர்த் தறிச் சத்தத்தையும் வைத்து அந்தக் காலத்தைக் கற்பனை செய்ய முடியாது. சோளக்காடும் கள்ளிவேலியும் மாட்டுவண்டித் தடமுமாக இருந்த கொங்கு மண்ணில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆயராகிறார்! சாதி வழக்கங்களைக் கோயிலுக்குள் எவ்வளவு தூரம் விடலாம் என்ற தகராறில் மனம் நொந்து பதவியை விட்டுப் போனார். 1856-இல் லியோனில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபை தொடங்கினார். மூன்று வருடத்தில், ஃப்ரீடவுனில் கால் வைத்த ஆறாவது வாரமே மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார். இந்தக் கதையெல்லாம் ஞாயிறு மறைக்கல்வியில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம். அவர் பிறந்த மாவட்டத்தில் மைல் கணக்கில் திராட்சைக் கொடி உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பிரெஞ்சுப் பாதிரியார்களுக்கும் நம் திராட்சைக்கும் இன்னொரு தொடர்பும் சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டுவந்தார் என்று. வெளிநாட்டில் இந்த வகைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். எங்களுக்குக் கம்பத்திலிருந்து வரத் தேவையில்லை. என் சின்ன வயதில் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பந்தல்களிலிருந்தே கூடை கூடையாக உக்கடத்துக்கு இறங்கும். கருநீலம், மேலே சாம்பல் பூசின மாதிரி, பெயருக்கேற்ற பன்னீர் வாசம்.

நவம்பர் பிறந்ததும் அம்மாயி அந்தக் கூடைக்குக் காத்திருப்பார். அவருடைய தங்கை போத்தனூரில் வாழ்க்கைப்பட்டவர், வீடு ரயில்வே காலனிக்கு அடுத்த தெரு. அங்கே இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிடமிருந்து கிறிஸ்துமஸ் கேக், ரோஸ் குக்கி, ஒயின் மூன்றையும் கற்றுக்கொண்டு எங்கள் அம்மாயிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பீங்கான் ஜாடி ஒன்று. மாங்காய் ஊறுகாய் போட்டது போக, நவம்பர் டிசம்பருக்கு அதைச் சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து, ஒயினுக்கென்று ஒதுக்குவார். நாலு கிலோ பழத்துக்கு மூன்று கிலோ சர்க்கரை. கையால் பிசைவார். ஒரு பிடி கோதுமை, ஒரு துண்டு பட்டை, நாலு கிராம்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்ட். வாயை வேட்டித் துணியால் கட்டி, பொடக்காளி வாசலை ஒட்டிய இருட்டு மூலையில் வைத்துவிடுவார். தினம் ஒருதரம் மரக்கரண்டியால் கிளற வேண்டும். அதுவும் அவர் மட்டும். குளிக்காமல் கிட்டப் போகக்கூடாது என்பார். வேதக்காரிக்கு மடி என்ன என்று அப்புச்சி கிண்டல் பண்ணுவார்.

இரவில் காதை ஜாடிமேல் வைத்தால் உள்ளே முணுமுணுவென்று சத்தம் கேட்கும். நண்டு நடக்கிற மாதிரி. "பழம் செபமாலை சொல்லுது, படு" என்பார் அம்மாயி.

இருபத்தொரு நாளில் வடிகட்டு. நிறம் போதவில்லை என்றால் சர்க்கரையை இரும்புச் சட்டியில் கருக்கிக் கலப்பார். நடுராத்திரிப் பூசை முடிந்து வந்ததும் எவர்சில்வர் டம்ளரில் எல்லோருக்கும் அரை விரல்கடை. எங்களுக்குக் கால் விரல்கடை. ஊரில் சாராயம் பேசவே கூடாத காலம் அது. 1948-இலிருந்து மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். எங்கள் வீட்டு ஜாடி இது எதையும் கண்டுகொள்ளவில்லை. பூசை ரசத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அம்மாயியின் ஜாடிக்கு யாரும் விலக்குத் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒருதரம் மட்டும் ஒரம்பரையாக வந்த ஏட்டையா ஒருவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "ஏனுங்க ஆத்தா, இதென்ன ஜூஸுங்களா?" என்றார். "ஜூஸுதானுங்க, கொஞ்சம் பழைய ஜூஸு" என்றார் அம்மாயி.

ஆக, சிவப்பு ஒயின் என்றால் இனிப்பு. கோயிலிலும் இனிப்பு, வீட்டிலும் இனிப்பு. நாக்கு அப்படியே எழுதி வைத்துக்கொண்டது.

அப்புறம் நான் திருப்பூருக்கு வேலைக்குப் போனேன். அப்பாவின் எட்டுத் தறி அண்ணனுக்கு, பனியன் கம்பெனி எனக்கு. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-சட்டை தேடித் திருப்பூருக்கு வந்ததில் தொடங்கியதுதான் அந்த ஊரின் ஏற்றுமதி என்று சொல்வார்கள். நான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தபோது எங்கள் கம்பெனிக்கும் ஓர் இத்தாலியப் பையர் வந்துகொண்டிருந்தார். பெருத்த உருவம், வெயிலில் தக்காளியாகச் சிவந்துவிடுவார். சாயம் ஒரு இழை மாறினாலும் லாட்டைத் திருப்பிவிடுவார். ஒரு சீசன் ஷிப்மென்ட் தேதிக்குள் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில், அடுத்த தடவை வரும்போது எனக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தார். அடி பெருத்து, இடுப்புவரை வைக்கோல் பின்னிய கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. கியாந்தி.

அன்றைக்கு ராத்திரி ஆபீஸ் மொட்டை மாடியில், பரோட்டாவும் வறுத்த கோழியும் பிரித்து வைத்துவிட்டு அவரே ஊற்றினார். அம்மாயி ஜாடியை நினைத்துக்கொண்டு ஒரே மடக்காக வாய் நிறைய எடுத்தேன்.

எப்படிச் சொல்வது? வாய்க்குள் யாரோ எல்லா ஈரத்தையும் ஒற்றி எடுத்த மாதிரி. ஈறு இழுத்துக்கொண்டது. கன்னத்தின் உள்பக்கம் சொரசொரவென்றானது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. கெட்டுப்போய்விட்டது, கப்பலில் வெயில் பட்டிருக்கும், பாவம் மனுசன் ஆசையாகக் கொண்டுவந்தார் என்று நினைத்து, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கோழித் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, தின்று முடித்து மறுபடி குடி என்று ஜாடை காட்டினார். கொழுப்பு நாக்கில் படிந்ததும் அந்தப் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தது. அடியில் ஏதோ ஒரு புளிப்பு, புளியம்பழமில்லை, நாவல்பழத்துப் புளிப்பு. நாவல்பழம்! பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மண்ணில் கிடப்பதைப் பொறுக்கி ஊதித் தின்று, நாக்கு ஊதாவாகி, தொண்டை கட்டிக்கொள்ளுமே, அதே பிடிப்பு. துவர்ப்பு.

அறுசுவையில் ஒன்று என்று ஒப்பிக்கிறோமே ஒழிய, அதைச் சுவையாக யார் மதித்தோம்? வாழைப்பூவைப் புளித்த மோரில் போட்டுத் துவர்ப்பை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம். அத்திக்காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோம். மாதுளைத் தோல் வயிற்றுப்போக்குக்கு, கடுக்காய் மருந்துக்கு. துவர்ப்புக்காகவே ஒன்றை விரும்பி வாயில் போடுவது வெற்றிலை பாக்கு மட்டும்தான். எங்கள் அம்மா கல்யாணமான நாளிலிருந்து போடுகிறார். கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியில் சீவி, முதலில் பாக்கை மட்டும் வாயில் ஒதுக்கி, துவர்ப்பு இறங்கின பிறகுதான் வெற்றிலையும் சுண்ணாம்பும். மகன் ஒருவன் நாற்பது வருடம் கழித்து மொட்டை மாடியில் கற்றுக்கொண்ட பாடம் அவருக்குத் தினசரி.

பழத்தின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. சாற்றைத் தோலோடு எத்தனை நாள் ஊறவிடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பன்னீர் திராட்சைக்குத் துவர்ப்பு கம்மி, வாசம் ஜாஸ்தி, அதில் சர்க்கரையைக் கொட்டினால் அம்மாயி ஒயின்தான் வரும். இதெல்லாம் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், கியாந்தி கெட்டுப்போகவில்லை, என் நாக்குதான் சின்னப் பிள்ளையாகவே இருந்திருக்கிறது என்பது.

அதிலிருந்து பையர்கள் யார் வந்தாலும் போத்தல் எனக்குத்தான் என்று கம்பெனியில் ஆகிவிட்டது. முதலாளி சைவம், தேநீர்கூடக் குடிக்கமாட்டார். வந்ததெல்லாம் விலை உயர்ந்த சரக்கு இல்லை. விமான நிலையத்துக்கு வரும் வழியில் வாங்கிப் பையில் போட்டது. அவரவர் ஊரில் சாதாரணக் குடும்பம் புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வாங்குகிற ரகம். ஒயின் தெரிந்தவர்கள் சொல்லும் பாஷை எனக்கு வராது. தோல் வாசம், புகையிலை, செர்ரி என்பார்கள். செர்ரியை நான் பார்த்ததே கேக்கின் தலையில்தான். ஆகவே எனக்குத் தெரிந்த பாஷையில் குறித்துக்கொண்டேன். துணியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனக் கணக்கு, சொல்கிற தொழில் நமது. ஒயினையும் அப்படித்தான் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே உருட்டிப் பார்த்தேன்.

பிரான்சின் பொஜொலே 120 ஜிஎஸ்எம். மெல்லிய சிங்கிள் ஜெர்சி, உடம்பில் போட்டதே தெரியாது. எங்கள் ஊர் வெயிலுக்கு லாயக்கு. கியாந்தி 180, கொஞ்சம் விறைப்பு, இரண்டு தடவை துவைத்தால் சரியாகும். ரோன் நதிக்கரையிலிருந்து வருகிறது இன்டர்லாக், இரண்டு பக்கமும் வழவழப்பு, மிளகு தூவிய மாதிரி முடிவு. போர்தோவின் மலிவு ரகங்கள்தான் எனக்குச் சரிப்படவில்லை. 300 ஜிஎஸ்எம் ஃபிளீஸ் தைத்துவிட்டு உள்ளே பிரஷ் பண்ண மறந்த மாதிரி கனமும் உண்டு, குத்தவும் குத்தும். நல்ல போர்தோ அப்படியில்லை என்பார்கள். நல்ல போர்தோவை யார் நமக்கு இலவசமாகத் தருவார்?

ஒரு போர்தோவுக்கு நான் செய்த பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். பெண் பிறந்த வருடம் ஒருவர் கொடுத்ததை, அவள் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று பத்திரமாகப் பரணில் ஏற்றினேன். ஓட்டு வீட்டுப் பரண். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஐரோப்பாக்காரன் அறை என்று சொன்னது அவனுடைய கல் வீட்டு அறையை, 16, 18 டிகிரி. சித்திரையில் எங்கள் பரண் கோழி பொரிக்கும். இருபத்தாறு சித்திரை கழித்துத் திறந்தால், புளிக்காடியில் ஊறிய உலர்திராட்சை. சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல பழசுங்க" என்று மரியாதையாகக் கீழே வைத்தார். இப்போதெல்லாம் நாங்கள் திறப்பதற்கு அரைமணி முன்னால் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். நம் ஊருக்கு அதுதான் சரி. சூடான சிவப்பு ஒயினில் சாராய நெடிதான் முன்னால் வந்து நிற்கும்.

துவர்ப்பு எனக்குப் பழக்கமானதற்கு இன்னொரு ராத்திரியும் காரணம். டுசல்டோர்ஃபில் ஆடைக் கண்காட்சி. கம்பெனியிலிருந்து மூன்று பேர், ஒரே ஓட்டல் அறை, வெளியே பனி. மூன்றாவது நாள் ரொட்டி பார்த்தாலே வயிறு திரும்ப ஆரம்பித்தது. கூட வந்த அவினாசிக்காரர் பெட்டியிலிருந்து சின்ன ரைஸ் குக்கர், அரிசி, துவரம்பருப்பு, வரமிளகாய், சின்ன வெங்காயம், ஒரு டப்பா நெய் எல்லாம் எடுத்தார். அரிசிம்பருப்புச் சோறு! தாளிக்கிற வாசம் வெளியே போகாமல் கதவடியில் ஈரத் துண்டைச் செருகி, குளியலறையில் வைத்துப் பொங்கினோம். நான் கீழே கடையில் போய் அங்கே இருந்ததிலேயே விலை கம்மியான சிவப்பைக் கொண்டுவந்தேன். ஸ்பெயினின் ரியோகா. கிரியான்சா என்று போட்டிருந்தது. இரண்டு வருடம் பழகியது, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்தது என்று அதற்கு அர்த்தமாம்.

பல் துலக்கும் கிளாஸில் ஊற்றிக் குடித்தோம். பீப்பாயின் மரமும் தேங்காய்த் தொட்டி சுட்ட வாசமுமாக ஒரு மிதமான துவர்ப்பு. நெய் உருகிய பருப்புச் சோற்றுக்கு அது ஒட்டிக்கொண்டதைப் பார்த்து மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவினாசிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "இதை எங்கம்மிணிகிட்ட சொன்னா நம்புவாளுங்களா?" மறுநாள் அதே போத்தலின் மிச்சத்தை மிளகாய் தூக்கலான சிக்கனோடு சாப்பிட்டுப் பார்த்தோம், வாய் எரிந்தது. காரமும் துவர்ப்பும் பகையாளிகள். மிளகு பரவாயில்லை, மிளகாய்தான் ஆகாது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஒயின் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அதற்கு மோர்தான்.

ஊருக்குத் திரும்பி நம் ஊர்க் கடையில் சிவப்பு ஒயின் கேட்பது வேறொரு அனுபவம். டாஸ்மாக் 2003-இல் சில்லறை விற்பனைக்கு இறங்கிய பிறகு நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கடைகள். 2017 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவால் சாலையோரக் கடைகள் உள்ளே தள்ளிப் போகும்வரை எங்கள் நாலு ரோட்டுக்கும் அதே கதிதான். கம்பிக் கூண்டுக்குள் கையை நீட்டி ஒயின் என்று கேட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். "வீட்டுல அம்மிணிக்கா அண்ணா?" என்று விற்பவர் அக்கறையாகக் கேட்பார். ரத்தம் ஊறும், பிரசவித்தவளுக்கு நல்லது, தோல் வெளுக்கும் என்பதாகத்தான் ஊருக்கு ஒயினைத் தெரியும். கொடுப்பதும் அம்மாயி ரகம், சர்க்கரைப் பாகு. நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்து கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப் போட்டுவிடுவேன்.

பெங்களூரில் மச்சினன் வீட்டுக்குப் போகும்போதுதான் நாக்குக்கு நோம்பி. நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு நிபுணர்களை வைத்து ஆரம்பித்த தோட்டத்துக் காபர்னே-ஷிராஸ், இந்திய விலையில் ஐரோப்பிய நடை. அதைவிட எனக்கு நெருக்கமானது மகாராஷ்டிரத்து அக்லூஜில் செய்கிற பிராட்டெல்லியின் சாஞ்சியோவேசே. இத்தாலிய மொழியில் பிராட்டெல்லி என்றால் சகோதரர்கள். இந்தியச் சகோதரர்களும் இத்தாலியச் சகோதரர்களும் சேர்ந்து தொடங்கியது. சாஞ்சியோவேசே கியாந்தியின் திராட்சை. முதல் வாய் எடுத்ததும் மொட்டை மாடியும் வைக்கோல் கூடையும் வந்துவிட்டன. வெயில் அதிகம் குடித்த பழம், அசலைவிடக் கொஞ்சம் பருமன், 200 ஜிஎஸ்எம் வைக்கலாம். அந்த இத்தாலியர் இப்போது இல்லை. அவர் இருந்தால் ஷேடு மாறிவிட்டது என்று லாட்டைத் திருப்பியிருப்பார்.

இப்போது கொர்பியேர். ஆட்டுக்கறியை மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டு, மிளகாயைக் குறைத்து வறுக்கச் சொல்லியிருந்தேன். "நோம்பியும் அதுவுமா காரமில்லாத கறியா, ஏனுங்க, ஒரம்பரை என்ன நெனைப்பாங்க?" என்று முனகிக்கொண்டே வீட்டுக்காரி வறுத்தாள். தேர் நிலைக்கு வந்துவிட்டது, மாதா கோயிலின் சீரியல் விளக்குகள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன. வேட்டுச் சத்தம் ஓய்ந்திருந்தது. மாப்பிள்ளை தக்கைத் தூளை டீ வடிகட்டியில் வடித்து ஊற்றினார்.

நிறம் அடர்த்தி, விளிம்பில் நாவல்பழ ஊதா. காரிஞான், கிரெனாஷ், சிரா என்று மூன்று திராட்சை என்று பெண் சீட்டைப் படித்துச் சொன்னாள். முதலில் ஒரு முரட்டுத்தனம். உருட்டினால் காய்ந்த புல், கற்பூரவல்லி இலையைக் கசக்கிய மாதிரி ஏதோ ஒன்று. அந்தப் பக்கத்துக் குன்றுகளில் வாசனைப் புதர்கள் மண்டிக் கிடக்குமாம், எங்கள் பக்கத்துக் காட்டில் தும்பையும் துளசியும் மாதிரி. அடியில் துவர்ப்பு, விட்டுக்கொடுக்காத துவர்ப்பு. 240 ஜிஎஸ்எம், கைத்தறி ஜமுக்காளத்தின் சொரசொரப்பு. ஏழு யூரோவுக்கு இதற்கு மேல் என்ன கேட்பது? எங்கள் ஊரில் ஆயரான மனிதர் பிறந்த மண்ணின் சரக்கு, நூற்றெழுபத்தைந்து வருடத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை கறியில் இருந்தார். பெண் மட்டும், "அடுத்த தடவை அந்த ஊர்ல எறங்கிப் போட்டோ எடுத்து அனுப்பறனுங்கப்பா" என்றாள்.

அம்மா திண்ணையோரம் நாற்காலியில் உட்கார்ந்து பாக்கு சீவிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது. கிறிஸ்துமஸ் ஜாடியை அம்மாயிக்குப் பிறகு பத்து வருடம் இவர்தான் போட்டார். இப்போது அந்த ஜாடியில் உப்பு இருக்கிறது. "அதென்ன, எங்கம்மா போடறாப்பலயா?" என்றார். "இல்லீங்கம்மா, உங்களுக்குப் புடிக்காது. இனிப்பே இல்லை, தொண்டை கட்டும்" என்றேன். "குடு, பாக்கலாம்."

எவர்சில்வர் டம்ளரில் அரை விரல்கடை ஊற்றிக் கொடுத்தேன். அம்மாயி அளவு. முகர்ந்தார். வாயில் எடுத்து, கன்னத்தில் ஒதுக்கி, பாக்கை மெல்லுகிற மாதிரி தாடையை இரண்டு தடவை அசைத்தார். நான் அவர் முகம் சுளிக்கக் காத்திருந்தேன்.

"துவர்க்குது" என்றார். பாக்குவெட்டியைப் பெட்டியில் போட்டு மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, டம்ளரை நீட்டினார்.